கொல்லைப்புறக் கூடாரமும் 36 அங்குலத் தோசைக்கல்லும்

வாடகைக் கடைக்காரர்கள் திங்கட்கிழமை காலை வந்து கூடாரத்தைப் பிரித்து எடுத்துச் சென்றுவிட்டார்கள். புல்வெளியில் பன்னிரண்டு முளைக் குழிகளும், ஒரு மூலையில் மரச்சீவல் கொட்டிய சேற்றுத் திட்டும், வெளிறிப்போன ஒரு பெரிய சதுரமும் எஞ்சியிருக்கின்றன. மகளின் பள்ளி நிறைவு விருந்தை வீட்டிலேயே நடத்தி முடித்துவிட்டோம். எண்பத்தாறு பேர் வந்தார்கள். எவரும் பசியோடு திரும்பவில்லை. ஆயினும் மாலை 6:10 முதல் 6:40 வரையிலான அரை மணி நேரத்தில் நான் போட்டிருந்த திட்டம் முழுவதும் கண்ணெதிரே குலைந்தது. இளையவன் இப்போது ஒன்பதாம் வகுப்பை முடித்திருக்கிறான். மூன்று ஆண்டுகளில் அவனுக்கும் இதே வேலை காத்திருக்கிறது. அளவுகளும் செலவுகளும் மறப்பதற்கு முன் எழுதி வைக்கிறேன்.

நாங்கள் இருப்பது மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டுக்கு வடமேற்கே உள்ள நோவை நகரம். இப்பகுதியில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளுக்கு வீட்டில் ‘ஓப்பன் ஹவுஸ்’ வைப்பது பரவலான வழக்கம். அழைப்பிதழில் நான்கு மணி முதல் எட்டு மணி வரை என்று போட்டால், அதற்குள் யாரும் எப்போது வேண்டுமானாலும் வரலாம், சாப்பிடலாம், பிள்ளையை வாழ்த்திவிட்டு அரை மணியில் கிளம்பலாம். மே மாதக் கடைசியில் தொடங்கி ஜூலை வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே பிள்ளை மூன்று நான்கு வீடுகளுக்குப் போய்வரும். அதனால் தேதி குறிப்பதுதான் முதல் வேலை. மகளின் தோழிகள் பிப்ரவரியிலேயே ஒரு பொது அட்டவணை வைத்து ஆளுக்கொரு நேரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஏப்ரலில் விழித்தபோது மிஞ்சியிருந்தது ஜூன் மூன்றாம் சனிக்கிழமையின் மாலைப் பொழுது மட்டுமே. அதிலும் ஒரு நன்மை இருந்தது. ஜூன் மாதத்தில் இங்கே சூரியன் மறைய ஒன்பது மணிக்கு மேல் ஆகிறது. எட்டு மணி வரை விளக்கு தேவையில்லை, கொசுவும் அதற்குப் பிறகுதான் கூட்டமாக வருகிறது.

கூடாரத்துக்கும் அதே தாமதத்தின் தண்டனை கிடைத்தது. கான்கிரீட் தளத்தில்கூட நிற்கக்கூடிய சட்டகக் கூடாரங்கள் அத்தனையும் முன்பதிவாகியிருந்தன. கிடைத்தது 20 அடிக்கு 20 அடி அளவில், நடுவில் கம்பமும் சுற்றிலும் கயிறும் முளையும் கொண்ட பழைய வகைக் கூடாரம். பொருத்திப் பிரிப்பதையும் சேர்த்து வாடகை 310 டாலர். ஆறடி மேசை எட்டுக்கு 80 டாலர், நாற்காலி ஐம்பதுக்கு 100 டாலர். ஊரில் பந்தக்கால் நட நாள் பார்ப்பார்கள். இங்கே 811 என்ற எண்ணை அழைக்க வேண்டும். முளைகள் மூன்றடி நீள இரும்புக் கம்பிகள் என்பதால், மண்ணுக்கடியில் எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் எங்கே ஓடுகின்றன என்று தெரியாமல் அடிப்பது ஆபத்து. குறைந்தது மூன்று வேலை நாட்களுக்கு முன்பே சொல்ல வேண்டும், சேவை இலவசம். நான் அதற்கு முந்திய வார வெள்ளிக்கிழமையே பதிவு செய்தேன். புதன்கிழமைக்குள் எங்கள் கொல்லை முழுவதும் சின்னச் சின்னக் கொடிகள் முளைத்தன: எரிவாயுவுக்கு மஞ்சள், மின்சாரத்துக்குச் சிவப்பு, தொலைத்தொடர்புக்கு ஆரஞ்சு. கூடாரத்தின் எல்லை மூன்றையும் தொடாமல் அமைந்ததால் மிகவும் நிம்மதியடைந்தேன். அந்த நிம்மதியின் விலை பிறகு தெரிந்தது.

இனி உணவு. மகளுக்கு உணவகத்துத் தட்டு வரிசை மட்டும் போதவில்லை. தன் தோழிகள் எங்கள் வீட்டுக்கு வந்தாலே தோசை கேட்பதால், சுடச்சுடத் தோசை வார்த்துக் கொடுக்க வேண்டும் என்றாள். என் மனைவி அதை ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்: சமையலறையில் அல்ல, வெளியில், அதுவும் என் பொறுப்பில். ஆகவே 20 பவுண்டு புரொபேன் உருளையில் எரியும், நான்கு அடுப்புக்களுடைய 36 அங்குலத் தட்டைக்கல் ஒன்றை 349 டாலருக்கு வாங்கினேன். பேரேட்டில் இதைத் தனியாகத்தான் வைத்திருக்கிறேன், ஏனெனில் இது இனி வீட்டுச் சொத்து.

கல்லைப் பழக்கியது ஏப்ரல் கடைசி வாரம். ஆலையில் பூசி அனுப்பும் எண்ணெயைச் சுடுநீரும் சோப்பும் விட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்தேன். சூரியகாந்தி எண்ணெயைத் துணியால் மெல்லியதாகத் தடவிப் புகை நிற்கும்வரை காயவிட்டேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறத்தாழ இருபது நிமிடம், மொத்தம் ஐந்து சுற்று. மூன்றாம் சுற்றில் எண்ணெயைச் சற்றுத் தாராளமாக ஊற்றியதால் பிசுபிசுப்பாகத் திட்டுத் திட்டாக உறைந்தது. அதைச் சுரண்டி எடுத்து அந்தச் சுற்றை மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. கல் கறுத்துப் பளபளத்ததும் முதல் கரண்டி மாவை ஊற்றினேன். மாவு கல்லில் பரவவே இல்லை. கரண்டியோடு சுருண்டு சுருண்டு வந்தது. கல் காயவில்லை என்று எண்ணித் தீயை இன்னும் கூட்டினேன். அடுத்தது இன்னும் மோசம்.

அன்று மாலை 20 டாலருக்கு ஒரு அகச்சிவப்பு வெப்பமானி வாங்கி வந்த பிறகே நான் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது புரிந்தது. கல்லின் நடுப்பகுதி 470 பாரன்ஹீட் காட்டியது; இடது மூலை 340. நடுவில் விழுந்த மாவு கரண்டி சுற்றுவதற்குள் வெந்து இறுகிவிடுகிறது. பல முறை அளந்து பார்த்ததில், என் மாவுக்கு 350 பாரன்ஹீட் அளவில் ஊற்றித் தேய்த்தால் தோசை வட்டமாக வருகிறது, 425-ஐத் தாண்டினால் மாவு கையோடு வருகிறது என்று கண்டேன். நடு அடுப்புகள் இரண்டையும் மிகக் குறைவாகவும் ஓர அடுப்புகளைப் பாதியளவிலும் வைத்தால் கல் முழுவதும் ஓரளவு சமமாகக் காய்கிறது. ஒவ்வொரு வரிசைக்கும் முன்பாக நீர் தெளித்து, பாதி வெட்டிய வெங்காயத்தால் தேய்க்க வேண்டும். இதைக் காணொளி அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்த அத்தை, மதுரையிலிருந்து சிரித்தார்கள். “தண்ணி தெளிச்சா சொய்ங்னு சத்தம் வருதுல்ல மாப்பிள்ளை, அந்தச் சத்தம் போதாதா? அதுக்கு எதுக்கு துப்பாக்கி மாதிரி ஒண்ணு?” என்றார்கள். நாற்பது ஆண்டுகளாகத் தோசை வார்க்கும் காதுக்குப் போதும், எனக்குப் போதவில்லை.

மாவில் பட்ட தொல்லை வேறு. ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து என்ற கணக்கில் எங்கள் வீட்டுக் கரண்டிக்கு நாற்பது தோசை கிடைக்கிறது. குளிர்சாதனம் 72 பாரன்ஹீட்டில் ஓடும் வீட்டில், முதல் முறை வைத்த மாவு பதினான்கு மணி நேரம் கழித்தும் அசையவில்லை. இரண்டாம் முறை பாத்திரத்தைப் பயணத்துக்கு எடுத்துச் செல்லும் ஐஸ் பெட்டிக்குள் வைத்து, சுடுநீர் நிரப்பிய இரண்டு புட்டிகளை அருகில் வைத்து மூடினேன். ஒன்பது மணி நேரத்தில் நன்றாகப் பொங்கியது. பனிக்கட்டிக்காகச் செய்த பெட்டி சூட்டையும் அதே விசுவாசத்தோடு காக்கிறது.

மூன்றாம் ஒத்திகை மே மாத நடுவில். கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் தனியாக வார்த்ததில் ஒன்பது தோசை வந்தது, அதாவது மணிக்கு ஐம்பத்து நான்கு. தொண்ணூறு பேர் வருவார்கள், ஆளுக்கு ஒன்றரை என்று வைத்தால் நூற்று முப்பத்தைந்து தோசை. அதை நான்கு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு முப்பத்து நான்கு. என்னிடம் இருக்கும் வேகம் ஐம்பத்து நான்கு. கணக்கு மிக அழகாக இருந்ததால் குளிர்பதனப் பெட்டியின் கதவிலேயே எழுதி ஒட்டினேன். வகுத்தது சரி. வகுத்திருக்கக் கூடாது என்பதுதான் பிழை.

தோசைக்குத் துணையாக உணவகத்திலிருந்து இரண்டு முழு ட்ரே கோழி பிரியாணி சொல்லி வைத்தோம், 250 டாலர். பதின்வயதினருக்காக ஆறு பெரிய பீட்சா, 84 டாலர். மகளின் தோழி ஒருத்திக்குக் கொட்டைப் பருப்புகள் ஒவ்வாது என்பதால் கடலைச் சட்டினியையும் முந்திரி அரைத்த குருமாவையும் அடியோடு விலக்கி, தேங்காய்ச் சட்டினி, தக்காளிச் சட்டினி, சாம்பார் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டோம். மதுவை முற்றிலும் தவிர்த்தோம். இங்கே அதற்கான வயது 21. தெரிந்தே வயது நிரம்பாதவர்களைத் தன் வீட்டில் குடிக்க விடும் வீட்டுக்காரர் மீது மிச்சிகன் சட்டம் குற்றம் சாட்டும். பெரியவர்களுக்கு மட்டும் ஒரு மூலையில் வைக்கலாமே என்று இரு நண்பர்கள் சொன்னதையும் ஏற்கவில்லை. எண்பது பேர் நடமாடும் கொல்லையில் ஒரு மூலையைக் காவல் காக்க எனக்கு ஆள் இல்லை.

படப் பலகைதான் நான் ரசித்துச் செய்த வேலை. மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பதின்மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு எட்டுப் படம் வீதம் நூற்று நான்கு படங்களை நான்குக்கு ஆறு அங்குல அளவில் அச்சிட்டோம். 37 டாலர் ஆயிற்று. ஒட்டுப்பலகை கனமாகவும் விலையாகவும் இருந்ததால், சுவர்களுக்குள் வெப்பக் காப்புக்காக வைக்கும் ஒரு அங்குலத் தடிமனுள்ள இளஞ்சிவப்பு நுரைப்பலகை ஒன்றை வாங்கினேன். நான்கடிக்கு எட்டடி வரும் அந்தப் பலகையை 32 அங்குல அகலமுள்ள மூன்று துண்டுகளாகக் கத்தியாலேயே அறுத்துவிடலாம். குண்டூசியும் நன்றாகப் பிடிக்கிறது. மேலே போர்த்தத் துணி தேடியபோது, மே மாத இறுதியில் வந்து சேர்ந்திருந்த அத்தை தன் பெட்டியிலிருந்து ஒரு பச்சைச் சுங்குடிச் சேலையை எடுத்துக் கொடுத்தார்கள். மகள் சேரவிருக்கும் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் நிறம் பச்சையும் வெள்ளையும். பச்சைப் பரப்பில் வெள்ளைப் புள்ளி வைத்த மதுரைச் சுங்குடியை விடப் பொருத்தமான துணி இந்த மாநிலத்தில் எந்தக் கடையிலும் கிடைத்திருக்காது. கிழிக்கக் கூடாது என்பது அத்தையின் ஒரே கட்டளை. ஆனால் சேலையின் அகலம் 47 அங்குலம், பலகையின் உயரம் 48. அளக்காமல் அறுத்த பாவத்துக்கு, மூன்று துண்டுகளையும் மறுபடி 44 அங்குலமாகக் குறைத்து, சேலையை மடித்துப் பின்பக்கம் ஊசி குத்தினேன்.

சட்டத்துக்கு ஒன்றுக்கு மூன்று என்று கடையில் பெயரிடப்பட்டிருக்கும் மரச்சட்டங்களை வாங்கினேன். உண்மையில் அவை முக்கால் அங்குலத்துக்கு இரண்டரை அங்குலம்தான். அவற்றைக் கீல் போட்டு ஏணிபோல் விரித்து நிற்கவைத்தேன். நுரைப்பலகை, மரம், கீல், ஊசி எல்லாம் சேர்த்து 46 டாலர். வியாழக்கிழமை ஒத்திகையாக வெளியே நிறுத்தியதும் சாதாரணக் காற்றுக்கே மூன்றும் குப்புற விழுந்தன. எடை குறைவு என்பது சுமக்கும்போதுதான் நல்ல குணம். ஒரு காலன் பால் புட்டிகளில் நீர் நிரப்பி ஒவ்வொன்றின் பின்காலிலும் கட்டினேன். ஏறத்தாழ எட்டரை பவுண்டு எடை தொங்கியதும் அசையாமல் நின்றன. படங்களின் மேல் மூலைகளில் மட்டும் ஊசி குத்தியிருந்ததால், ஈரப்பதத்தில் அவை இரவுக்குள் அப்பளம்போல் சுருண்டன. வெள்ளிக்கிழமை இரவு நான்கு மூலைக்கும் ஊசி குத்தி முடிக்கையில் மணி பதினொன்று. மொத்தம் 416 ஊசிகள்.

அதே வெள்ளி இரவு நான்கு கிலோ அரிசிக்கும் ஒரு கிலோ உளுந்துக்கும் மாவரைக்கும் வேலையும் நடந்தது. எங்களிடம் இருப்பது இரண்டு லிட்டர் மேசைக் கிரைண்டர். அரிசி ஒவ்வோர் ஈடும் இருபத்தைந்து நிமிடம். உளுந்தையும் சேர்த்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடியது. இடையிடையே கல்லுருளை சூடேறாமல் இருக்க அத்தை ஐஸ் தண்ணீர் தெளித்தார்கள். ஒத்திகையில் வென்ற முறைப்படி மாவை இரண்டு பாத்திரங்களில் பிரித்து, ஐஸ் பெட்டிகளில் வைத்து, சுடுநீர்ப் புட்டிகளையும் வைத்தேன். ஆனால் ஒத்திகை நடந்தது மே மாதத்தில், வீட்டுக்குள். இப்போது இடமில்லாமல் பெட்டிகளைக் கராஜில் வைத்தேன். அங்கே இரவிலும் 80 பாரன்ஹீட்டுக்கு மேல். காலை ஐந்தேகாலுக்குப் பார்த்தபோது ஒரு பாத்திரம் பொங்கி வழிந்து, பெட்டியின் மூடியைத் தூக்கிக்கொண்டு தரைக்கு இறங்கியிருந்தது. இரண்டு லிட்டராவது போயிருக்கும். மீதியை உடனே குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றியதால் புளிப்பு எல்லை மீறவில்லை.

ஐந்தேகாலுக்கு நான் விழித்தது மாவுக்காக அல்ல, தண்ணீர்ச் சத்தத்துக்காக. புல்வெளித் தெளிப்பான் வழக்கம்போல் ஐந்து மணிக்கு ஓடத் தொடங்கியிருந்தது. கூடாரத்தின் தென்கிழக்கு முளையின் அடியிலிருந்து நீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. 811-இல் பதிவு செய்தால் பொது நிறுவனங்களின் கம்பிகளையும் குழாய்களையும்தான் குறிப்பார்கள். வீட்டுக்காரர் சொந்தமாகப் பதித்த தெளிப்பான் குழாய் அவர்கள் கணக்கில் வராது. அதைக் கொடி நட்டுக் காட்டியிருக்க வேண்டியவன் நான். முளையடித்தவர்கள் மீது இதில் எந்தக் குற்றமும் இல்லை. அந்தப் பகுதிக்கான வால்வை மூடினேன். முளையைப் பிடுங்கினால் கூடாரம் தளரும் என்பதால் அதைத் தொடவில்லை. பத்தடிக்கு எட்டடி அளவுக்குக் கால் புதையும் சேறாகியிருந்தது. கடை திறந்ததும் நான்கு மூட்டை மரச்சீவல் வாங்கி வந்து அங்கே கொட்டிப் பரப்பினேன், 16 டாலர். விருந்தினர் பலர் அதை ஏதோ அலங்காரம் என்று நினைத்தார்கள்.

கல்லைக் கூடாரத்திலிருந்தும் வீட்டுச் சுவரிலிருந்தும் பத்தடி தள்ளி, திறந்த வெளியில் வைத்தேன். கராஜ் வாசலில் வைத்தால் நிழல் கிடைக்கும் என்ற ஆசை இருந்தது. எரிவாயு அடுப்பைக் கராஜுக்குள் எரிப்பது நச்சுப்புகைக்கும் தீக்கும் வழி என்பதால் அதைக் கைவிட்டேன். சட்டினிகளைச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றிப் பனிக்கட்டி மேல் வைத்து, முக்கால் மணிக்கு ஒருமுறை புதிய கிண்ணம் மாற்றுவது மனைவியின் ஏற்பாடு. சாம்பாரை இரண்டு மின்சார ஸ்லோ குக்கர்களில் சூடாக வைத்தோம். பிரியாணி ட்ரேக்களுக்கு அடியில் ஓர் அங்குலச் சுடுநீர்த் தட்டு, அதன் கீழ் ட்ரேக்கு இரண்டு வீதம் எரிபொருள் டப்பாக்கள். காற்று சுடரைச் சாய்த்ததால் அலுமினியத் தாளை மடித்து மறைப்புக் கட்டினேன்.

மகன் ஒரு தாளில் வருபவர்களைக் கோடு போட்டுக் குறித்துக்கொண்டிருந்தான். விளையாட்டாகக் கொடுத்த அந்த வேலைதான் இந்தப் பதிவிலேயே மதிப்புமிக்க அளவீட்டைத் தந்தது. நான்கிலிருந்து ஐந்து வரை 19 பேர், ஐந்திலிருந்து ஆறு வரை 14, ஆறிலிருந்து ஏழு வரை 41, ஏழுக்குப் பிறகு 12. முதல் இரண்டு மணி நேரத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் பள்ளித் தோழர்களும் ஆசிரியர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும். சரியாக நான்கு மணிக்கே வந்து, ஒரு தோசை சாப்பிட்டு, அட்டையைப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். பீட்சா நாற்பது நிமிடத்தில் தீர்ந்தது. நான் நிதானமாக, முறுகலாக, நெய் விட்டுத் தோசை வார்த்து, பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

நம்மவர்கள் ‘நான்கு முதல் எட்டு வரை’ என்பதை இரவுச் சாப்பாடு என்று படிக்கிறார்கள். இதை நான் அறியாதவன் அல்லன். நானே அப்படித்தான் மற்றவர் வீடுகளுக்குப் போகிறேன். ஆறு பத்துக்கு முதல் கார் நின்றது. ஆறரைக்குள் முப்பது பேர் தட்டோடு நின்றார்கள். எரிபொருள் டப்பாக்களை நான் இரண்டு மணி நேரம் எரியும் வகையாக வாங்கியிருந்தேன். நான்கு மணிக்குக் கொளுத்தியவை ஆறு மணிக்கு அணைந்துவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. ஆறு மூட்டைப் பனிக்கட்டியும் அதற்குள் கரைந்திருந்தது. பெரியவர்களுக்குத் தேநீர் வைக்க யாரோ 1500 வாட் தேநீர்க் கொதிகலனைக் கராஜ் செருகியில் மாட்டியதும், அதே இணைப்பில் ஓடிய இரண்டு ஸ்லோ குக்கர்களும் மின்விசிறியும் ஒலிபெருக்கியும் ஒன்றாக நின்றன. பதினைந்து ஆம்பியர் இணைப்பு தாங்கும் உச்சம் 1800 வாட். கொதிகலன் ஒன்றே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். நான்கு மணி விருந்துக்காக நான் சேர்த்து வைத்த அனைத்தும் ஆறு மணி விருந்து தொடங்கும் நேரத்தில் ஒரே சமயத்தில் தீர்ந்துபோயின.

கல்லின் முன் வரிசை கூடாரத்தைத் தாண்டி நீண்டது. மணிக்கு ஐம்பத்து நான்கு என்ற என் வேகம், துடைப்பதும் எண்ணெய் விடுவதும் பேசுவதும் சேர்ந்து நாற்பதாகக் குறைந்திருந்தது. தேவையோ அரை மணியில் அறுபது. அத்தை வந்து ஒரு நிமிடம் பார்த்தார்கள். “மாப்பிள்ளை, வரிசை நிக்கிற எடத்துல முறுகல் ஆகாது. கல்தோசையா ஊத்துங்க, தேய்க்காதீங்க,” என்று சொல்லி, நீர் கலக்காமல் வைத்திருந்த இரண்டாம் பாத்திர மாவை எடுத்து வரச் சொன்னார்கள். ஆறு அங்குல அகலத்தில், இரண்டு வரிசையாகப் பத்துத் தோசை ஊற்றினார்கள். பிரியாணி ட்ரேயின் அலுமினிய மூடிகளைக் கவிழ்த்து மேலே மூடினார்கள். திருப்பிப் போடத் தேவையில்லை. நான்கு நிமிடத்தில் பத்தும் மெத்தென்று வெந்தன. இருபத்தைந்து நிமிடத்தில் ஐம்பதுக்கு மேல் போனது, வரிசை கலைந்தது. மூன்று ஒத்திகை, வெப்பமானி, குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிய கணக்கு எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு நான் தேடாத ஒரே கேள்வி, ஒரே நேரத்தில் கல்லில் எத்தனை தோசை இருக்க முடியும் என்பது.

இதற்கிடையில் மனைவி கொதிகலனைச் சமையலறையின் இருபது ஆம்பியர் செருகிக்கு மாற்றினார். மகன் மிதிவண்டியில் போய் இரண்டு மூட்டைப் பனிக்கட்டி வாங்கி வந்தான். பிரியாணியை அடுப்பகத்தில் மறுபடி சூடாக்கிக் கொண்டுவந்தோம். தோசை கிடைக்கத் தொடங்கியதும் பிரியாணியை யாரும் பெரிதாகத் தேடவில்லை. ஒரு ட்ரேயில் பாதி மிஞ்சியது. கேக்கிலும் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சியது.

அன்பளிப்புப் பெட்டியைப் பற்றி ஒரு சொல். அமெரிக்கக் குடும்பங்களின் அட்டைகளில் 20, 25, 50 என்று முழு எண்கள். நம்மவர்களின் உறைகளில் 51, 101. ஒவ்வொருவருக்கும் நன்றிக் கடிதம் எழுத வேண்டும் என்பது இங்குள்ள முறை என்பதால், மகள் ஒரு குறிப்பேட்டில் பெயரையும் தொகையையும் எழுதினாள். அத்தை அதை எட்டிப் பார்த்துவிட்டு, “மொய் நோட்டா? எழுத்து நல்லா இருக்கு,” என்றார்கள்.

செலவுக் கணக்கு: கூடாரம், மேசை, நாற்காலி 490, புரொபேன் உருளை இரண்டு 44, மாவு, சாம்பார், சட்டினிக்கான மளிகை 145, பிரியாணியும் பீட்சாவும் 334, கேக் 27, பானங்களும் பனிக்கட்டியும் 92, தட்டு, கோப்பை, மேசைவிரிப்பு 68, படங்களும் பலகையும் 83, அழைப்பிதழும் தபால் தலையும் 75, மரச்சீவலும் குழாய் பழுதும் 27. ஆக மொத்தம் 1385 டாலர். இதில் நான் வருந்துவது பிரியாணியின் இரண்டாம் ட்ரேக்கு மட்டுமே.

குழாயைத் திங்கட்கிழமை, முளை வெளியே வந்த பிறகு சரிசெய்தேன். பத்து அங்குல ஆழத்தில் ஓர் அங்குலக் கறுப்புப் பாலித்தீன் குழாய், பக்கவாட்டில் நான்கு அங்குல நீளத்துக்குக் கிழிந்திருந்தது. கிழிந்த பகுதியைக் குழாய் வெட்டியால் நீக்கியதும் இடைவெளி ஒற்றை இணைப்பானுக்கு எட்டவில்லை. ஆகவே ஒரு புதுத் துண்டும் இரண்டு இணைப்பான்களும் நான்கு துருப்பிடிக்காத கவ்விகளும் தேவைப்பட்டன, 11 டாலர். குழாயின் முனையைக் குடுவையிலிருந்த சுடுநீரில் அரை நிமிடம் முக்கினால் இளகி, இணைப்பான் எளிதாக நுழைகிறது. முதல் முறை அவ்வாறு செய்யாமல் திணித்ததில் ஓர் இணைப்பானின் விளிம்பு உடைந்தது. மண்ணை மூடுவதற்கு முன் வால்வைத் திறந்து பத்து நிமிடம் ஓடவிட்டுக் கசிவு இல்லை என்று உறுதிசெய்தேன்.

மகனின் முறை வரும்போது சிலவற்றை மாற்றுவேன். கூடாரத்தைப் பிப்ரவரியிலேயே, முளை இல்லாத சட்டக வகையாகப் பதிவு செய்வேன். விருந்தை நான்கு மணி நேர ஒற்றை நிகழ்வாக எண்ணாமல், 4 மணிக்கு ஒன்று, 6:15-க்கு ஒன்று என இரண்டு விருந்தாக வைத்துக்கொண்டு, எரிபொருள், பனிக்கட்டி, சட்டினி எல்லாவற்றையும் இரண்டாம் விருந்துக்கென்று தனியே எடுத்து வைப்பேன். ஆறு மணி நேரம் எரியும் டப்பாக்களும் கடையில் இருந்தன. சில டாலர் மிச்சம் பிடிக்க நான் அவற்றை வாங்கவில்லை. முதல் பாதியில் முறுகல், இரண்டாம் பாதியில் கல்தோசை. மாவையும் அதற்கேற்ப இரண்டு பதத்தில் கரைப்பேன், பாத்திரத்தைப் பாதிக்கு மேல் நிரப்ப மாட்டேன். பீட்சாவை இரண்டு கூட்டிப் பிரியாணியை ஒன்று குறைப்பேன். மேலும், கல்லின் முன் நான் நிற்கப்போவதில்லை. நான்கு மணி நேரமும் அங்கேயே நின்றதால், மகளின் ஆசிரியர்களில் ஒருவரோடும் ஐந்து வார்த்தை பேசவில்லை. விருந்தில் எடுத்த படங்களில் நான் இருப்பது இரண்டே இரண்டில், இரண்டிலும் முதுகு.

திங்கள் மாலை, தோண்டிய குழியை மூடும் முன்பே, தெளிப்பான்களை ஒவ்வொரு பகுதியாக ஓடவிட்டு, தலைகள் இருக்கும் இடங்களைச் சுவரிலிருந்து நாடாவால் அளந்து, குழாய் போகும் வழியை ஒரு தாளில் வரைந்தேன். அதன் கீழ், தோசைக்கல்லின் அடுப்புக் குமிழ்களை எந்த அளவில் வைக்க வேண்டும் என்பதையும் அத்தை சொல்லக் கேட்டு எழுதியிருக்கிறேன். தாள் இப்போது கராஜில் மின்பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டப்பட்டிருக்கிறது.